கைவினைச் சிறுபொருள்களை வீட்டில் படமெடுக்கும்போது வரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

சுடுமண் ஜிமிக்கி, பட்டுநூல் வளையல், காகிதச் சுருள் தோடு, கொலுப்படியில் வைக்கும் உள்ளங்கை அளவு மண் பொம்மை போன்றவற்றை வீட்டிலிருந்தே செய்து விற்பவர்களுக்கு, பொருளைச் செய்யும் உழைப்பில் ஒரு பங்கு அதைப் படமெடுப்பதிலும் போய்விடுகிறது. சென்னை ஆதம்பாக்கத்தில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டில் நான் சுடுமண் நகை செய்கிறேன். என் நாத்தனார் பட்டுநூல் வளையல் சுற்றுகிறார். படம் சரியாக வராத நாள்களில் நாங்கள் முதலில் குறை சொன்னது கைப்பேசியைத்தான். பிறகு கடன் வாங்கிய நல்ல கேமராவிலும் அதே குறைகள் வந்தபோதுதான், பொருளின் மேல் ஒளி எங்கிருந்து, எவ்வளவு அகலமாக, என்ன நிறத்தில் விழுகிறது என்பதைக் கவனிக்கத் தொடங்கினோம். கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. ஆகவே புதிய கருவி வாங்குவதற்கு முன் ஒளியை நகர்த்திப் பார்க்க வேண்டும்.

ஒரு சோதனைக்கு ஒரே ஒரு மாற்றம் என்பதைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். விளக்கையும் தாளையும் கேமராவின் இடத்தையும் ஒன்றாக மாற்றிவிட்டுப் படம் நன்றாக வந்தால், எதனால் வந்தது என்று தெரியாது. மறுநாள் அதைத் திரும்பச் செய்ய முடியாது.

எல்லா அறிகுறிகளுக்கும் பொதுவான அடிப்படை அமைப்பு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கும்படி ஒரு சிறு மேசையைச் சுவரோடு சேர்த்துப் போட வேண்டும். பெரிய வெள்ளைச் சார்ட் தாளின் மேல்விளிம்பைச் சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து மேசைமேல் இறக்க வேண்டும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மகோல் பலகையை நிறுத்தினால் அது ஒளியைத் திருப்பி அனுப்பி நிழலை இளக்கும். கைப்பேசி ஒரு தாங்கியில் அசையாமல் இருக்க வேண்டும். தாங்கி இல்லாதவர்கள் ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தின் மேல் கைப்பேசியைச் சாய்த்து வைக்கலாம்; பருப்பு அதன் உருவத்துக்கு ஏற்பக் குழிந்து நன்றாகப் பிடித்துக்கொள்ளும். தாள் வகைகளுக்குப் பாரிமுனையின் ஆண்டர்சன் தெருவும், விளக்கு, தாங்கி, கம்பி வகைகளுக்கு ரிச்சி தெருவும் போதும்.

நேரில் ஒரு நிறம், படத்தில் வேறு நிறம்

விற்பனையில் நேரடியாக நட்டம் தரும் பிழை இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். நாத்தனார் அனுப்பிய அரக்கு நிற வளையல் ஒருமுறை திரும்பி வந்தது. "அக்கா, படத்துல தக்காளிச் சிவப்பா இருந்துச்சு, அதான் அந்தப் புடவைக்கு எடுத்தேன்" என்று வாங்கிய பெண் சொன்னார். அவர் சொன்னது உண்மை. படத்தில் அது தக்காளிச் சிவப்பாகத்தான் இருந்தது.

முதல் காரணம் இரண்டு வகை ஒளி கலப்பது. ஒளியின் நிறச் சாயலை நிற வெப்பநிலை என்று கெல்வின் எண்ணில் சொல்வார்கள்; எண் கூடக் கூட ஒளி மஞ்சளிலிருந்து நீலத்தின் பக்கம் சாயும். மஞ்சள் சாயலுள்ள வீட்டு எல்.இ.டி. விளக்கின் நிற வெப்பநிலை 2700 முதல் 3000 கெல்வின். 'கூல் டேலைட்' என்று அட்டையில் அச்சிட்டு விற்பது 6500 கெல்வின். நண்பகல் வெயில் ஏறத்தாழ 5500 கெல்வின். ஜன்னல் ஒளி ஒரு பக்கமும் கூடத்து விளக்கு மறுபக்கமும் பட்டால், வளையலின் ஒரு பாதி நீலம் பூசியது போலவும் மறுபாதி மஞ்சள் பூசியது போலவும் வரும். கேமராவால் ஒரு படத்துக்கு ஒரே திருத்தம்தான் செய்ய முடியும். ஒரு பாதியைச் சரிசெய்தால் மறுபாதி இன்னும் கெடும். ஜன்னல் ஒளியில் எடுக்கும்போது அறையின் மற்ற விளக்குகள் அனைத்தையும், பூஜை அலமாரியின் சிறு விளக்கு உட்பட, அணைத்துவிட வேண்டும். இதைச் செய்து மீண்டும் ஒரு படம் எடுத்துப் பார்த்தபின்தான் அடுத்த காரணத்துக்குப் போக வேண்டும்.

இரண்டாவது காரணம் சுற்றுப்புறம். இளம்பச்சைச் சுவரிலோ எதிர்க் குடியிருப்பின் ரோஜா நிறச் சுவரிலோ பட்டுத் திரும்பும் ஒளி அந்த நிறத்தோடுதான் உள்ளே வரும். எங்கள் ஜன்னலுக்கு எதிரே உள்ள கட்டடத்துக்கு மஞ்சள் வண்ணம் அடித்த மாதத்திலிருந்து காலைப் படங்களெல்லாம் மஞ்சள் பாய்ந்து வந்தன; காரணம் புரிய எங்களுக்கு இரண்டு வாரம் ஆயிற்று. படமெடுப்பவர் உடுத்தியிருக்கும் அடர்சிவப்பு நைட்டிகூட வெள்ளி மணியில் நிறமாகத் தெரியும். வாழையிலை மேல் சுடுமண் நகையை வைத்தால் அதன் அடிப்பகுதி பச்சையாகும்.

மூன்றாவது காரணம் நம் வீடுகளுக்கே உரியது. ஒளியை மென்மையாக்க ஜன்னலில் மல் வேட்டியைக் கட்டுவது மிக நல்ல பழக்கம். ஆனால் அந்த வேட்டி சொட்டு நீலம் போட்டு அலசியதாக இருந்தால் அதைக் கடந்து வரும் ஒளியில் மெல்லிய நீலச் சாயல் ஏறும். மிக வெண்மையாகத் தெரியும் சார்ட் தாள்களிலும் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் சேர்க்கிறார்கள்; அது பகலொளியில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளியிடும். நீலமே படாத பழுத்த வேட்டியும், பால்வெள்ளைக்குச் சற்று இளைத்த தாளும் இந்த வேலைக்கு மேல்.

இவற்றைச் சரிசெய்த பிறகு வைட் பேலன்ஸ் எனப்படும் வெண்சமநிலையைக் கையால் நிறுத்த வேண்டும். தானியங்கி முறையில் விட்டால், அரக்கு வளையல் படச்சட்டத்தை நிறைக்கும்போது கேமரா அதைச் சிவந்த ஒளி என்று எண்ணிக்கொண்டு நீலத்தைச் சேர்க்கும். அடுத்து மயில்கழுத்து நிற வளையலை வைத்தால் எதிர்ப்பக்கம் திரும்பும். கைப்பேசியின் 'ப்ரோ' முறையில் கெல்வின் எண்ணை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, ஒரு வரிசைப் பொருள்கள் முழுவதையும் அதே எண்ணில் எடுக்க வேண்டும். நிறமற்ற சாம்பல் அட்டை ஒன்றை முதல் படத்தில் பொருளோடு சேர்த்து எடுத்து வைத்தால், பிறகு திருத்தும் செயலியில் அந்த அட்டையைத் தொட்டு மொத்த வரிசையையும் ஒரே அளவில் திருத்தலாம்.

விளக்கொளியில் எடுப்பவர்கள், விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைச் சொல்லும் சி.ஆர்.ஐ. என்ற எண்ணையும் அதன் அட்டையில் பார்க்க வேண்டும். சாதாரண வீட்டு எல்.இ.டி. விளக்குகளில் இது 80 அளவில் இருக்கும். 90க்கு மேற்பட்டதை வாங்குவது நல்லது. குறைந்த எண் கொண்ட விளக்குகளில் அடர்சிவப்பு அலைநீளம் மெலிந்திருப்பதால் அரக்கு, குங்குமம், சுடுமண்ணின் செம்மை ஆகியவை உயிரற்று வரும். ஒளியில் இல்லாத நிறத்தை எந்தத் திருத்தமும் கொண்டுவந்துவிடாது.

சிவப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிறம் ஏறத்தாழச் சரியாக இருந்தும் நூலின் இழைகள் தெரியாமல் ஒரே சிவப்புக் கறையாக வந்தால், 0 முதல் 255 வரை ஒளியை அளக்கும் கணக்கில் சிவப்புப் பகுதி மட்டும் அதன் உச்ச அளவான 255ஐத் தொட்டு நிரம்பிவிட்டது என்று பொருள். படம் மொத்தத்தில் வெளிச்சமாகவே தெரியாததால் இது எளிதில் புலப்படாது. ஒளியளவை 0.7 முதல் 1 படி வரை (ஒரு படி குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து எடுத்து, பிறகு திருத்தும்போது மெதுவாக ஏற்றினால் இழைகள் திரும்ப வரும். கைப்பேசி தானாகவே நிறத்தைக் கூட்டும் 'காட்சி மேம்பாடு' வசதியையும் அணைத்துவிட வேண்டும்; உணவுக்கும் பூவுக்கும் அது எப்படியோ, வளையலுக்கு அது பொய்.

வடக்கு ஜன்னலில் வைத்தும் கடும் வெயில் விழுகிறது

வடக்குப் பார்த்த ஜன்னலில் நேர் வெயில் வராது, அதனால் அங்கே வைத்து எடுங்கள் என்று புகைப்பட நூல்கள் பலவற்றில் இருக்கும். குளிர்நாடுகளுக்கு அது பொருந்தும். சென்னை 13 பாகை வடக்கு அட்சத்தில் இருக்கிறது. சூரியன் நம் தலைக்கு மேலேயே கடந்து வடக்கே போய்த் திரும்பி வரும் ஊர் இது. ஏறத்தாழ ஏப்ரல் 25 முதல் ஆகஸ்ட் 18 வரை சூரியன் காலை முதல் மாலை வரை வானத்தின் வடபாதியிலேயே நகர்கிறது. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக உள்ளே விழும். நண்பகலில் மட்டும் சூரியன் மிக உயரத்தில் இருப்பதால் ஜன்னலின் மேற்கூரைத் தகடு அதைத் தடுத்துவிடும்.

இதற்கு மருந்து ஜன்னலை மாற்றுவதுதான். மேற்சொன்ன நாள்களில் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் ஒரு நேரமும் விழாது. கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்திலும் அங்கே மென்மையான ஒளி நாள் முழுவதும் கிடைக்கும். செப்டம்பர் 23 முதல் மார்ச் 21 வரை நிலைமை தலைகீழ். அப்போது வடக்கு ஜன்னல் முழுவதும் நமக்குரியது. இடைப்பட்ட வாரங்களில் காலை, மாலைக்குத் தெற்கும் நண்பகலுக்கு வடக்கும் பொருந்தும். எங்கள் வீட்டில் படமெடுக்கும் மேசை ஆண்டுக்கு இருமுறை அறை மாறுகிறது. வேறு எந்தச் செலவும் இல்லாமல் எங்கள் படங்களை உயர்த்தியது அந்த மாற்றம்.

ஒரு பக்க ஜன்னல் மட்டுமே உள்ளவர்கள் வேட்டித் திரையை வெயிலுக்கு இடையில் கட்டிச் சமாளிக்கலாம். திரையும் பொருளும் நெருங்கி இருக்கக் கூடாது; ஜன்னல் கம்பியின் நிழல் திரையில் விழுந்து அது பொருள்மேல் கோடாகத் தெரியும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானமே திரையாகிவிடுவதால் ஒளி மிக அழகாக இருக்கும், ஆனால் மிகக் குறைவாக இருக்கும். அப்போது ஷட்டர் 1/4 நொடிவரை திறந்திருக்க வேண்டியிருக்கும். தாங்கி இல்லாமல் எடுப்பது இயலாது.

வெள்ளைத் தாள் சாம்பலாக வருகிறது

கேமராவின் ஒளியளவி தன் முன்னே இருப்பதை நடுத்தரச் சாம்பலாக்கிக் காட்டும்படி அமைக்கப்பட்டது. அந்தச் சாம்பல் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புவது. வெள்ளைத் தாள் அதைப் போல நான்கு மடங்குக்கும் மேல் திருப்பி அனுப்பும். ஆகவே கேமரா இதை மிகை ஒளி என்று கருதிக் குறைத்துவிடுகிறது. கைப்பேசித் திரையில் பொருளைத் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியை மேலே இழுக்க வேண்டும். எண்ணில் சொல்வதானால் 0.7 முதல் 1.3 படி வரை கூட்ட வேண்டும். படத்தில் தாளின் வெண்மை 0 முதல் 255 வரையான அதே கணக்கில் 235 முதல் 245 வரை இருந்தால் போதும். 255ஐத் தொட்டுவிட்டால் பொருளின் விளிம்பு தாளில் கரையத் தொடங்கும், வெள்ளை முத்தும் தாளும் ஒன்றாகிவிடும்.

கூட்டியபின் பொருள் வெளுத்து, தாளின் பின்பகுதி மட்டும் இன்னும் சாம்பலாக இருந்தால், பின்னணிக்குப் போதிய ஒளி போகவில்லை என்று அறியலாம். தெர்மகோல் பலகையைச் சிறிது பின்னுக்கு நகர்த்திப் பின்னணிமேல் ஒளியைத் திருப்ப வேண்டும். கறுப்புத் துணியில் இதே பிழை எதிர்த்திசையில் வரும்: கறுப்பு வெளிறிச் சாம்பலாகும். அங்கே ஒளியளவைக் குறைக்க வேண்டும். கறுப்புக்குத் தாளைவிட வெல்வெட் துணி நல்லது.

நிழல் கறுத்து, கூராக விழுகிறது. அல்லது செதுக்கிய வேலைப்பாடே தெரியவில்லை

இவை இரண்டும் ஒரே அளவுகோலின் இரு முனைகள் என்பதால் சேர்த்துச் சொல்கிறேன். பொருளிலிருந்து பார்த்தால் ஒளி வரும் பரப்பு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு நிழலின் விளிம்பு மென்மையாகும். 9 வாட் விளக்கு ஒன்றை நேரடியாகக் காட்டினால் நிழல் கத்திவெட்டுப் போல விழும். அதே விளக்குக்கும் பொருளுக்கும் இடையே 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ட்ரேசிங் தாளை ஒரு சட்டத்தில் கட்டி, பொருளிலிருந்து 20 சென்டிமீட்டரில் நிறுத்தினால் நிழல் ஆவிபோல் கரையும். தாளைத் தள்ளி வைக்க வைக்க நிழல் மீண்டும் இறுகும். எல்.இ.டி. விளக்கோடு மட்டுமே இதைச் செய்ய வேண்டும். சூடேறும் ஹாலஜன் விளக்கின் அருகே தாளைக் கொண்டுபோகக் கூடாது.

இனி மறுமுனை. சுடுமண் பதக்கத்தில் ஊசியால் கீறிய மாங்காய் வடிவமும் புள்ளிகளும் காணாமல்போய்ப் பதக்கம் வெறும் தட்டையாக வந்தால், ஒளி கேமராவின் பக்கத்திலிருந்து, அதாவது நேர் முன்னாலிருந்து, வருகிறது. கைப்பேசியின் பிளாஷ் எப்போதும் இப்படித்தான் வரும். அதனால் அதைப் பயன்படுத்தவே வேண்டாம். கீறல் தெரிவதற்கு அதன் ஒரு கரை ஒளியிலும் மறு கரை நிழலிலும் இருக்க வேண்டும். ஒளி பதக்கத்தின் பரப்பை உரசிக்கொண்டு போவது போலத் தாழ்வாகப் பக்கவாட்டிலிருந்து வந்தால்தான் அது நிகழும். எதிர்ப்பக்கத் தெர்மகோலை அகற்றிவிட்டு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பல நாள் அந்த ஒரு மாற்றமே போதும். நெருப்பில் வெந்த மண்ணின் சொரசொரப்பு, கைரேகை பதிந்த ஓரம், தூரிகை ஓடிய தடம் ஆகியவைதான் கையால் செய்ததற்குச் சான்று. அவற்றை நிழலில்லாத ஒளியில் கரைத்துவிட்டால் அச்சில் வார்த்த பொருளுக்கும் நம் பொருளுக்கும் படத்தில் வேறுபாடு இருக்காது.

கல்லும் உலோகமும் கண்ணைப் பறிக்கும் வெள்ளைப் பொட்டாகின்றன, அல்லது கறுத்துப்போகின்றன

பளபளப்பான பரப்பு தன் எதிரே உள்ளதைத்தான் காட்டும். ஆகவே பித்தளை மணியைப் படமெடுப்பது என்றால் மணியில் தெரியும் அறையைப் படமெடுப்பது என்றே கொள்ள வேண்டும். கேமரா இருக்கும் இடத்தில் கண்ணை வைத்து மணியை உற்றுப் பார்த்தால் அதில் ஜன்னல், கம்பி, கொசுவலைச் சட்டம், கைப்பேசி, அதைப் பிடித்த கை எல்லாம் சிறிய உருவங்களாகத் தெரியும். ஒளி எந்தக் கோணத்தில் பட்டதோ அதே கோணத்தில் திரும்பும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, அந்தப் பிம்பம் வரும் திசையில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தேட வேண்டும். வெள்ளைப் பொட்டு விளக்கின் பிம்பமானால் விளக்குக்கு முன் பெரிய வெண்திரை வர வேண்டும். பொட்டு அகன்று மென்மையான ஒளிப்பட்டையாக மாறும். மணி கறுத்துத் தெரிந்தால் இருட்டான அறையின் பிம்பம் அதில் விழுகிறது. அந்தத் திசையில் ஒரு வெள்ளை அட்டையைக் காட்ட வேண்டும்.

கடையில் விற்கும் வெண்துணி ஒளிக்கூடாரத்துக்குள் எல்லாவற்றையும் வைத்து எடுத்துவிடலாம் என்பது பரவலான எண்ணம். துணிப்பொம்மைக்கும் குரோஷே வேலைக்கும் அது நன்று. உலோகத்துக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்லாப் பக்கமும் வெள்ளை என்றால் உலோகமும் எல்லா இடத்திலும் வெள்ளையாகிவிடும். பித்தளை பித்தளையாகத் தெரிவதற்கு வெளிச்சத்தின் அருகிலேயே ஓர் இருண்ட கோடு வேண்டும். விரலளவு அகலமுள்ள கறுப்பு அட்டைத் துண்டு ஒன்றைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தி மெல்ல நகர்த்தினால், மணியின் உருண்டை வடிவம் திடீரென எழுந்து நிற்பதைக் காணலாம். அதுபோல் ஆக்ஸிடைஸ் செய்த வெள்ளிக் கொக்கியின் மேட்டில் ஒரு மெல்லிய வெண்கோடு ஓடினால்தான் அதன் வேலைப்பாடு புரியும்.

ரெசின் பதக்கம், வார்னிஷ் பூசிய மரம், கண்ணாடி மணி போன்ற உலோகமல்லாதவற்றின் கூச்சத்தை முனைவாக்கி வடிகட்டியால், அதாவது போலரைசரால், குறைக்கலாம். பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 55 பாகை சாய்வில் பார்க்கும்போது இது மிக நன்றாக வேலை செய்யும். வெற்று உலோகத்தில் விழும் கூச்சத்தை இதனால் போக்க முடியாது, ஆகவே நகைக்காக மட்டும் இதை வாங்குவது வீண். நிறமற்ற கண்ணாடி மணிகளின் விளிம்பு வெள்ளைத் தாளில் தொலைந்துபோனால், தாளின் பின்னிருந்து ஒளி வரச் செய்து, சட்டத்துக்கு வெளியே இருபுறமும் கறுப்பு அட்டைகளை நிறுத்த வேண்டும். விளிம்புகளில் கறுப்புக் கோடு வரைந்தது போல மணி தெளியும்.

பட்டுநூல் வளையலுக்கு இந்த விதிகள் சற்று மாறும். இழைகள் ஒரே திசையில் நெருங்கி ஓடுவதால் மினுமினுப்பு ஒரு பட்டையாகத் திரண்டு நிற்கும். வளையலைச் சிறிது முன்னோ பின்னோ சாய்த்தால் பட்டை நகரும். அது முன்பக்க வளைவில் வந்து நிற்கும் சாய்வைக் கண்டுபிடித்து, வளையலுக்கு அடியில் ஒரு துளி தேன்மெழுகை வைத்து அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

படம் கூர்மையாக இல்லை

எதில் கூர்மை இல்லை என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கையில் எங்குமே கூர்மை இல்லையா, ஓரிடத்தில் இருந்து மற்ற இடங்களில் இல்லையா, அல்லது முழுப் படத்தின் மேலும் மூட்டம் போட்டது போல் இருக்கிறதா?

எங்குமே இல்லையென்றால் மிக நெருங்கிப் போய்விட்டோம் அல்லது அசைவு இருக்கிறது. ஒவ்வொரு வில்லைக்கும் ஒரு குறைந்தபட்சத் தொலைவு உண்டு. அதற்குள் போனால் குவியமே (ஃபோகஸ்) கிடைக்காது. சில கைப்பேசிகள் அந்த நேரத்தில் நமக்குச் சொல்லாமலேயே இன்னும் அகலக் கோணமுள்ள (அல்ட்ரா வைட்) வில்லைக்கு மாறிக்கொள்ளும். அதில் தரமும் வடிவமும் மாறும். பின்வாங்கி எடுத்து வெட்டிக்கொள்வதே நல்லது. 12 மெகாபிக்சல் படம் பெரும்பாலும் 4000க்கு 3000 புள்ளிகள் கொண்டது. அதன் நீளத்திலும் அகலத்திலும் பாதியை வெட்டினாலும் 2000க்கு 1500 புள்ளிகள் மிஞ்சும், விற்பனைப் பக்கத்துக்கு அது தாராளம். அசைவுக்கு 2 நொடி டைமர் வைத்துக் கையை எடுத்துவிட வேண்டும். மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். குஞ்சமும் தொங்கும் ஜிமிக்கியும் நம் கண்ணுக்குத் தெரியாத அளவு ஆடிக்கொண்டே இருக்கும். சென்னை வெக்கையில் இது பெரிய துன்பம்தான், எனினும் வேறு வழியில்லை.

ஜிமிக்கியின் முன்மணி கூர்மையாகவும் குடையின் பின்விளிம்பு மங்கலாகவும் இருந்தால் குவிய ஆழம், அதாவது முன்பின்னாக ஒருசேரக் கூர்மையாக வரும் தொலைவு, போதவில்லை. இவ்வளவு அருகில் அந்த ஆழம் சில மில்லிமீட்டர்தான். வில்லையில் ஒளி புகும் துளையின் அளவை மாற்றக்கூடிய கேமராவில் எஃப் 8 முதல் எஃப் 11 வரை வைக்கலாம்; எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும், ஆழம் கூடும். எஃப் 16ஐத் தாண்டினால் ஒளி விளிம்பில் வளைந்து மொத்தப் படமும் மென்மையாகும். கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் துளை மாறாது, ஆகவே பின்வாங்குவதும், பொருளின் முக்கியமான முகத்தைக் கேமராவுக்கு இணையாகத் திருப்பி வைப்பதும்தான் வழி. குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக இணைக்கும் முறையும் உண்டு. சிறிய கொலுப் பொம்மையின் முகமும் கையும் ஒருசேரத் தெளிய வேண்டும் என்றால் அதற்கு நேரம் செலவிடலாம். 'போர்ட்ரெய்ட்' முறையை மட்டும் தொடக் கூடாது. அது பின்னணியைக் கணக்கிட்டு மங்கலாக்கும்போது காதுக்கொக்கியின் கம்பியையும் குரோஷே நூலின் பிசிறையும் பின்னணி என்று எண்ணி அழித்துவிடுகிறது.

மூட்டம் போல் இருந்தால் வில்லையில் வியர்வையோ எண்ணெயோ பட்டிருக்கிறது; பழைய பருத்தித் துணியால் துடைத்தால் போய்விடும். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்தவுடன் வருவது வேறு மூட்டம்: நம் ஊர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பனிக்கிறது. கேமராவைக் காற்றுப் புகாத உறையில் மூடிய நிலையிலேயே வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். பயன்படுத்தாத நாள்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வைக்காவிட்டால் வில்லைக்குள் பூஞ்சை பிடிக்கும். அதை வீட்டில் அகற்ற முடியாது.

படத்தில் கிடைமட்டமாக இருண்ட பட்டைகள் ஓடுகின்றன

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடிக்கு வைத்தால் பட்டைகள் மறையும். மறையவில்லையென்றால் விளக்கை மாற்ற வேண்டும்.

தூசியும் நாரும் பெரிதாகத் தெரிகின்றன

எடுத்தபின் அழிப்பதைவிட எடுக்கும் முன் துடைப்பது எளிது. மென்மையான ஓவியத் தூரிகையால் தட்டி, விரல் படாமல் இடுக்கியால் வைக்க வேண்டும். உலோகத்தைப் பருத்திக் கையுறையோடு தொட வேண்டும். வியர்த்த விரலின் ரேகை படத்தில் தெரிவதோடு, நாளடைவில் பித்தளையில் கறையாகவும் தங்கும்.

குடை பெருத்து, கொக்கி சிறுத்து, வடிவம் கெடுகிறது

கைப்பேசியின் முதன்மை வில்லை அகலக் கோணமுடையது. அதை நெருக்கிப் பிடிக்கும்போது முன்னே இருப்பது பெருக்கும், பின்னே இருப்பது சிறுக்கும். 2 மடங்கு அல்லது 3 மடங்கு நெருக்கத்துக்கு மாற்றி, அதற்கேற்ப இரண்டடி பின்வாங்க வேண்டும். ஜிமிக்கியைத் தூண்டில் நரம்பில் தொங்கவிட்டு, கேமராவை அதன் நடுவுக்கு நேராக வைத்தால் குடை உள்ளபடி வரும்.

நம் திரையில் நன்றாக, வாங்குபவர் திரையில் மோசமாக

முதலில் நம் கைப்பேசியில் கண் பாதுகாப்புக்காகத் திரையை மஞ்சளாக்கும் வசதி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் நிறம் திருத்துபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். அடுத்து, புதிய கைப்பேசிகள் பல, படத்தை விரிந்த நிறவெளியில், அதாவது கூடுதல் நிறங்களை உள்ளடக்கிய வரம்பில், சேமிக்கின்றன. அதைப் புரிந்துகொள்ளாத பழைய திரைகளிலும் தளங்களிலும் நிறம் சோகையாகத் தெரியும். வெளியிடும் படத்தை, பெரும்பாலான திரைகளும் தளங்களும் புரிந்துகொள்ளும் எஸ்.ஆர்.ஜி.பி. நிறவெளியில் மாற்றிச் சேமிக்க வேண்டும். செய்திச் செயலிகளில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு இழைகள் குழையும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும்.

"இவ்வளவு சின்னதா?" என்று கேட்கிறார்கள்

படத்தில் அளவு தெரியாததன் விளைவு இது. சட்டத்தை நிறைத்து நிற்கும் 2 சென்டிமீட்டர்த் தோடும் 5 சென்டிமீட்டர்ப் பதக்கமும் ஒன்றுபோலத் தோன்றும். எல்லாரும் அறிந்த ஒரு பொருளை இரண்டாவது படத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். 10 ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். அது எல்லாருடைய கையிலும் புழங்குவது. நாணயமும் பொருளும் கேமராவிலிருந்து ஒரே தொலைவில் இருக்க வேண்டும், நாணயம் முன்னே வந்துவிட்டால் பொருள் இன்னும் சிறுத்துத் தெரியும். மூன்றாவது படமாகக் காதில் அணிந்த நிலையில் ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து எடுத்துச் சேர்த்து, உயரத்தையும் எடையையும் எழுத்தில் கொடுத்துவிடுகிறோம். நாத்தனார் வளையலின் உள்விட்டத்தை 2.4, 2.6 என்று கடைக்கணக்கில் எழுதுவதோடு மில்லிமீட்டரிலும் எழுதுகிறார்.